பெங்குவின் அண்ணாச்சியும் எங்கள் வீட்டு வார்த்தையும்

கட்டிய மனைவியிடமே பாஸ்வேர்டு கேட்டுவிட்டுக் கதவைத் திறந்த ஆண்மகன் இந்த மும்பை மாநகரத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பெங்குவின் அண்ணாச்சி. வேறு யாராவது உண்டென்றால் வாசகர்கள் எழுதலாம். நான் நம்ப மாட்டேன்.

தாராவியில் எங்கள் பில்டிங்கின் நாலாவது மாடியில் எங்களுக்கு எதிர்வீடு அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி, எங்களுக்கு மதினி, மாஹிமிலிருந்து பை நிறைய மீன் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறி வந்து கதவைத் தட்டினார். லிஃப்ட் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் என்பது படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பூட்டிய அறை. உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் மட்டும் வந்தது.

“வார்த்தையச் சொல்லு.”

“ஏங்க, மீனு நாறுது. கதவத் தொறங்க.”

“மீனு யாரு வேணும்னாலும் வாங்கிட்டு வரலாம். வார்த்தை?”

மதினி ஒரு வார்த்தை சொன்னார். அதை அச்சில் போட முடியாது.

“அது போன வாரத்து வார்த்தைலா,” என்றார் அண்ணாச்சி அமைதியாக. “மாத்தியாச்சு.”

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேஸ் கீஸ் ஒன்றும் இல்லை, காரணம் வேறு. பில்டிங்கில் யாருக்கும் அது தெரியாது என்பதும் உண்மை. கூரியர்காரன்கூட “பெங்குவின் கிதர் ரெஹ்தா ஹை?” என்று இந்தியில் வீட்டை விசாரித்துத்தான் வருவான். மதினி, புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவர். ஆகவே அவரிடமும் கேட்டுப் பயனில்லை.

ஸ்கூட்டர், ஹெல்மெட், சாப்பாட்டு டப்பா, ஒர்க்‌ஷாப் ஷட்டர் என்று அண்ணாச்சி கைபட்ட எல்லாவற்றிலும் ஒரு பெங்குவின் ஸ்டிக்கர் இருக்கும். முதல்முறை பார்த்தபோது என் அம்மா கேட்டாள்: “அது என்ன தம்பி, வெள்ள பனியன் போட்ட காக்கா?”

“காக்கா இல்ல பெரியம்மா, லினக்ஸ்! கம்ப்யூட்டர் ஓடணும்னா அதுக்கு அடியில ஒரு சாஃப்ட்வேர் வேணும்லா? அதுல இது ஒரு சாதி. காசு கேக்காது. உள்ள என்ன எழுதிருக்குன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாத்துக்கலாம். ஒளிவு மறைவே கெடையாது.”

ஒளிவு மறைவில்லாததை இப்படிப் புகழ்ந்த மனிதர்தான் பின்னால் கதவுக்குக் கதவு பாஸ்வேர்டு கேட்டார் என்பது எனக்கு இன்றும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு கதை உண்டு. கீழே சந்துக்குள் எம்பிராய்டரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். சேலைக்குப் பூவும் மாங்காயும் போடுகிற பெரிய மெஷின், அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் எங்கிருந்தோ ஓசியில் வாங்கிப் போட்ட திருட்டு சாஃப்ட்வேர். ஒருநாள் யாரோ பாட்டு கேட்பதற்காக ஒரு பென் டிரைவைச் செருகினார்கள். மறுநாள் காலை திரையில் பூவும் இல்லை, மாங்காயும் இல்லை. டிசைன் வேண்டுமென்றால் பணம் கட்டு என்று இங்கிலீஷில் ஒரு மிரட்டல் மட்டும் இருந்தது. அண்ணாச்சி பணம் கட்டவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குளித்து, திருநீறு பூசி, லினக்ஸ் போட்டார். அன்றிலிருந்து மாலை போட்ட சாமி மாதிரிதான் வாழ்ந்தார். என்ன, எங்களையும் மலைக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்.

முதல் பலி என் லேப்டாப். மெதுவாக ஓடுகிறது என்று தெரியாத்தனமாக அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தார். திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மின்னிக்கொண்டிருக்கிறது. அன்று சாயந்திரம் இந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியாக வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“அண்ணாச்சி, என் லேப்டாப்ப என்ன பண்ணி வச்சிருக்கீங்க? அம்புக்குறியக் காணோம், படத்தக் காணோம்!”

“படம் எதுக்கு தங்கச்சி? நீங்க எழுத்தாளர்தான? எழுதுங்க. அது செய்யும்.”

கடைசியில் படமும் வந்தது, அம்புக்குறியும் வந்தது. லேப்டாப் உண்மையிலேயே வேகமாக ஓடியது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிடுவார். சொல்லாமலே ஒட்டினார்.

அடுத்து எங்கள் பில்டிங் சங்கத்தின், அதாவது சொசைட்டியின், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் போட்டார். பிரிண்டர் அதோடு ஊமையாகிவிட்டது. செகரட்டரி கொடுத்த நோட்டீஸ் எதுவும் வெளியே வரவில்லை. அண்ணாச்சி பல நாள் அதன் முன்னால் உட்கார்ந்து என்னென்னமோ தட்டினார். திடீரென்று ஒரு மத்தியானம் அது தேக்கிவைத்திருந்த எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் துப்பியது. செகரட்டரி படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டினார். நாளைக்குத் தண்ணீர் வராது என்ற பழைய நோட்டீஸைப் பார்த்து பில்டிங்கே குடம் குடமாகப் பிடித்து வைத்தது. மறுநாள் தண்ணீர் ஜாம் ஜாம் என்று வந்தது.

ஆனால் அந்த ஜூலை மழையைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். சந்தில் இடுப்பளவு தண்ணீர். அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் முழுகிக் கிடந்தது. பார்க்கப் போன நாங்கள் துக்க வீட்டு முகத்தோடு நின்றோம். அவரோ லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று சிரித்தார். எனக்குப் பயமாகவே இருந்தது.

“முழுகட்டும் தங்கச்சி! டிசைனெல்லாம் ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல, ஒண்ணு மேல வீட்டுல. இன்னொண்ணு எங்க தெரியுமா? கோபர்கைரனேயில, எம் மச்சினி வீட்டு அரிசி டிரம்முல!”

நவி மும்பை வரைக்கும் போய் அரிசிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் மனிதர். அந்த மழையில் வீட்டில் இருந்த டிஸ்க்கும் வேலை செய்யாமல் போக, மச்சினி வீட்டு டிஸ்க்கைத்தான் கொண்டுவந்தார். தட்டினால் இரண்டு வண்டு விழுந்தது. டிசைன் அத்தனையும் பத்திரமாக இருந்தது.

இப்போது என் அம்மாவுக்கு வருகிறேன். வீட்டில் நானும் அவளும் மட்டும். அவளுக்கு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. லிஃப்ட் கிடந்த கிடப்பில், அவள் தரையை மிதித்தே பல மாதம் ஆகியிருந்தது. கீழே காய்கறி வண்டிக்காரன் கூவினால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “அந்த வெண்டைக்காய ஒடச்சுப் பாத்து வாங்கணும்டி,” என்று பெருமூச்சு விடுவாள். ஆபரேஷனுக்கு என் சம்பளத்திலும் அவள் வளையலிலுமாகச் சேர்த்த பணம் அவள் பேங்க் கணக்கில் இருந்தது. அதைவிட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. டாக்டர் நாளும் குறித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சிக்கு பில்டிங் பெண்களுக்கெல்லாம் புரோகிராமிங் சொல்லித் தர வேண்டும் என்று ஆசை வந்தது. அம்மாவால் இறங்க முடியாது என்பதற்காக வகுப்பை நாலாவது மாடி வராந்தாவில் வைத்தார். மற்றவர்கள் இரண்டே வகுப்பில் மறைந்துவிட, அம்மா மட்டும் நின்றாள். அவளால்தான் எங்கேயும் போக முடியாதே!

அவள் எழுதிய முதல் புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும்: ‘மாத்திரை போட்டாச்சா?’ ‘ஆச்சு’ என்று தட்டினால் நிற்கும். வேறு எதைத் தட்டினாலும் மறுபடி கேட்கும். அம்மா ‘போட்டாச்சு’ என்று தட்டினாள். மறுபடி கேட்டது. ‘அப்பவே போட்டாச்சு’ என்று தட்டினாள். மறுபடி கேட்டது.

“ஏ மூதி! எத்தன தடவ சொல்லுவேன்? போட்டுட்டேன்னு சொல்லுதேன்லா!” என்று திரையைப் பார்த்துச் சண்டைக்குப் போய்விட்டாள். மாமியார்கூட அவளை அப்படிப் படுத்தியதில்லையாம்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியளா பெரியம்மா! அதுக்கு நீங்க அழுதாலும் தெரியாது, ஏசுனாலும் தெரியாது. வச்ச வார்த்தை வந்தா விடும். இல்லன்னா விடாது. பாவம் பாக்கத் தெரியாது அதுக்கு. அதாம் அதோட அழகு.”

“இதுல என்ன அழகு இருக்கு?” என்று அம்மா முணுமுணுத்தபடி ‘ஆச்சு’ என்று தட்டினாள்.

கொஞ்ச நாளில் ஊரெல்லாம் ஒரு புது மோசடி பற்றிப் பேச்சு வந்தது. மகன் குரலிலேயே, மகள் குரலிலேயே கம்ப்யூட்டரை வைத்துப் பேசிப் பணம் பறிக்கிறார்கள் என்று. அண்ணாச்சி முதலில் என்னைத்தான் பிடித்தார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் என் கட்டுரைகளை நானே வாசித்து இன்டர்நெட்டில் போடுவேன்.

“ஒங்க குரல ஊருக்கே எடுத்து விட்டுருக்கீய தங்கச்சி. கள்ளப்பய அத எடுத்து பெரியம்மாட்ட பேசினாம்னா?”

“என் கட்டுரையவே யாரும் கேக்குறதில்ல அண்ணாச்சி. கள்ளனாவது கேக்கட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே உத்தரவு போட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசிய வார்த்தை. போனில் யார் அழுதாலும், யார் கெஞ்சினாலும், முதலில் வார்த்தை, பிறகுதான் பேச்சு. வார்த்தை யாரும் ஊகிக்க முடியாததாக இருக்கிறதா என்று சோதிக்க, வீடு வீடாகப் போய்க் காதைக் கொடுத்தார். முதல் வீட்டில் ‘சுடலைமாடன்’ என்றார்கள். சரி என்றார். அடுத்த வீட்டில் ‘சுடலைமாடன்’. மூன்றாவது வீட்டில், ‘எங்க வார்த்தைய யாராலயும் கண்டுபிடிக்க முடியாது’ என்று சொல்லி, வெளியே விடக்கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, ‘சுடலைமாடன்’. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பில்டிங். எல்லாருக்கும் அதே குலதெய்வம். ரகசியத்தைச் சாமியிடம்தானே ஒப்படைக்க முடியும்? பாய் வீட்டில் மட்டும் வேறு வார்த்தை இருந்தது. அவர்கள் சொந்த ஊர்ப் பெயர். அது அவர்கள் கடை போர்டிலேயே பெரிய எழுத்தில் இருந்தது.

அண்ணாச்சி வராந்தாவில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். “கள்ளன் ஒரு வீட்டுல கேட்டாப் போதும்லா! பில்டிங் பூராத்தையும் வாரிட்டுப் போயிருவான்! இந்த வார்த்தை இனிமே செல்லாது. சாமி, என்ன மன்னிச்சிரும்!”

எங்கள் வீட்டிலும் அதே வார்த்தைதான் இருந்தது. அன்று ராத்திரி அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, குக்கர் சத்தத்துக்கு நடுவே புது வார்த்தையைக் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதட்டி. இத எவனும் கண்டுபிடிக்க மாட்டான். நீ மறந்திராம இரு, அது போதும்.”

நான் மறந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் அது நடந்தது. விக்ரோலியில் என் ஆபீஸில் அன்று ஆடிட்டர்களோடு மீட்டிங். போனில் சார்ஜ் தீர்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டில் அம்மாவுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. அப்புறம் அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

எடுத்தவுடன் அழுகை. என் குரலில் அழுகை. “அம்மா, நான்தாம்மா! ஆக்சிடென்ட் ஆயிட்டும்மா!” உடனே ஒரு ஆள் போனை வாங்கி, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாக இந்தியில் சொன்னான். உடனே பணம் கட்ட வேண்டும், உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள் மாஜி. நம்பரும் வந்துவிட்டது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். நம்பரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

“பெஹ்லே பேட்டி கோ தோ,” என்று முதலில் மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். “ஏட்டி, வார்த்தையச் சொல்லு.”

“அம்மா, நான்தாம்மா!”

“வார்த்தை?”

“மாஜி, டைம் நஹி ஹை!” நேரமில்லை என்று அந்த ஆள் குறுக்கே விழுந்தான்.

“டைம் நஹி ஹை தோ போன் ரக்!” நேரமில்லையென்றால் போனை வை என்று கத்திவிட்டு அம்மா கட் பண்ணிவிட்டாள்.

கட் பண்ணிவிட்டாளே தவிர, பெற்ற வயிறு கேட்குமா? எனக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். ‘ஒருவேளை நெசமாவே எம் மகளா இருந்திருந்தா?’ என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். முதல் வேலையாக பேங்குக்குப் போன் போட்டு, அம்மாவைப் பேசவைத்துக் கணக்கை நிறுத்திவைத்தார். அடுத்து என் ஆபீஸ் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

இது எதுவும் தெரியாமல் நான் மீட்டிங் முடிந்து வெளியே வந்தேன். பக்கத்து சீட் மராத்தி அம்மாவிடம் போனை வாங்கி, தினமும் கேட்பதுபோலச் சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டுக்குப் போட்டேன்.

“அம்மா, நான்தாம்மா!”

“வார்த்தையச் சொல்லு!” என்று உறுமினாள் அம்மா.

சத்தியமாக ஒரு எழுத்துகூட வரவில்லை. “என்ன வார்த்தை? அம்மா, நான்தாம்மா!”

“மறுபடியும் வந்துட்டியா மூதி!” டொக்.

திரும்பப் போட்டேன். இந்தத் தடவை ஆண்குரல். “ஏல கள்ளப்பயலே, நம்பர எழுதிக்கிட்டேன். போலீஸ் வருது ஒன்ன அள்ள!” டொக்.

அண்ணாச்சியின் குரல். அண்ணாச்சிக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை? போலீஸ் எதற்கு? அம்மாவுக்கு என்ன ஆயிற்று? நான் பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். விக்ரோலியிலிருந்து சயான் வரைக்கும் லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். சாமி பெயர் எல்லாம் வந்தது. வார்த்தை வரவில்லை.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. எங்கள் வீட்டு வாசலில், சாத்திய கதவுக்கு முன்னால், கையில் ஹெல்மெட்டோடு அண்ணாச்சி நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் கண் ஈரமாகிவிட்டது. ஆனால் வழி விடவில்லை.

“வார்த்தை, தங்கச்சி.”

“அண்ணாச்சி! என் மொகத்தப் பாத்தா தெரியலையா?”

“மொகத்தையும் இப்பச் செய்யுதானுவோ. பெரியம்மா கேட்டாத்தான் தொறப்பாவ. நான் கேக்கப்படாது. கதவுகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டார். அழுகையும் ஆத்திரமுமாக நான் அந்த மனிதரையே பார்த்தேன். சட்டென்று வந்துவிட்டது. கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன். கதவு திறந்தது.

அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தாள். “உன்ன மாதிரியே அழுதாட்டி. நான் பாவம் பாக்கல. அந்தக் கம்ப்யூட்டர் மாதிரியே இருந்துட்டேன். நெசமாவே நீயா இருந்தா என்னாயிருக்கும்?” அவள் நெஞ்சில் சாய்ந்து நானும் அழுதேன். பணம் இருந்தது. அம்மா இருந்தாள். நான் இருந்தேன். அவ்வளவு லேசாக என் உடம்பு அதற்கு முன்னும் இருந்ததில்லை, அதற்குப் பின்னும் இருந்ததில்லை. நாங்கள் அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்வரை அண்ணாச்சி காதிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லையாம்.

எடுத்தவுடன் அவர் சொன்ன முதல் வாக்கியம்: “வார்த்தைய மாத்திருங்க பெரியம்மா. வராந்தாவுல வச்சுச் சொல்லியாச்சு.”

“மாத்த மாட்டேன்,” என்றாள் அம்மா. அவர் சொல்லி அவள் கேட்காதது அது ஒன்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லிஃப்ட் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, நேராகக் காய்கறி வண்டிக்குப் போய் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வண்டிக்காரனிடம் ஏச்சு வாங்கினாள். அண்ணாச்சி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று அதைப் பார்த்துக் கைதட்டினார். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பைக் கோபர்கைரனேக்கு மாற்றிக்கொண்டு, மச்சினி வீட்டுப் பக்கத்திலேயே குடும்பத்தோடு போய்விட்டார். எதிர்வீட்டில் இப்போது யார் தட்டினாலும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வராந்தா வகுப்பில் ஒருநாள் அம்மா அவரிடம் கேட்டாளாம்: “ஊரே பெங்குவின்னு கூப்பிடுது. ஒங்க அம்மா ஒங்களுக்கு என்ன தம்பி பேரு வச்சா?” அண்ணாச்சி பெயரை மெதுவாகச் சொன்னாராம். “இத யாரும் கேட்டதே இல்ல பெரியம்மா,” என்றும் சொன்னாராம். யாருக்கும் தெரியாத வார்த்தையாக வைக்கச் சொன்னார் அல்லவா? அம்மா அவர் பெயரையே வைத்துவிட்டாள். இவ்வளவு நேரம் அதை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

அது அண்ணாச்சிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்ததும் கோபர்கைரனேயிலிருந்து போன் வரும். “ஒங்களுக்குக் கிறுக்கா தங்கச்சி? பேப்பர்ல போட்டுட்டீயளே, ஒடனே மாத்துங்க!” என்று கத்துவார். கத்தட்டும். அவர் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது, அந்தப் போன் வரட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.